ரெண்டு லீக், ஒரே முழங்கை

போன எபிசோடுக்கு வந்த கேள்வி: அமெரிக்காவுல சின்னப் பசங்க பேஸ்பால்ல பக்கத்து லீக்கோட மோதினா, யாரோட ரூல்ஸ்?

அம்பயர் யாரு, இருட்டிட்டா என்ன பண்றது, இதெல்லாம் ரெண்டு லீக்கும் முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கலாம். பேரமே பேசக் கூடாத விஷயம், பிட்ச் கவுன்ட். லிட்டில் லீக்ல 10 வயசுப் பையன் ஒரு நாளைக்கு 75 பந்துதான் வீசலாம். 66 இல்ல அதுக்கு மேல வீசிட்டா நாலு நாள் ஓய்வு.

செவ்வாய்க்கிழமை சொந்த லீக்ல 70 வீசினவன், சனிக்கிழமை பக்கத்து லீக் கிரவுண்டுல நிக்கிறான்னு வைங்க. ஞாயிறுக்கு முன்னாடி அவன் வீசக் கூடாது. ஆனா அங்க ஸ்கோர் எழுதுறவங்களுக்கு அவன் கணக்கு ஜீரோ. ரெண்டு சர்வர், சிங்க் ஆகல! டேட்டா போனா பேக்கப் இருக்கு. வளர்ற வயசுல முழங்கை போனா?

அதனால கவுன்ட் நோட்டை மேட்சுக்கு முன்னாடியே எதிர் கோச்கிட்ட காட்டணும். ஜெயிக்கிற வெறியில நம்ம கோச்சே மறைக்கலாம், அதுவும் நடக்கும்.

சாஃப்ட்பால்ல பந்துக் கணக்கு கிடையாது, இன்னிங்ஸ் கணக்குதான். கீழ்க்கையா வீசினா கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பழைய நம்பிக்கை. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.