கைமாறும் ஆட்டக்காரர்

நேயர்களே, கஹவத்தைப் பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனி நிர்வாகத்துக்கு மாறியதை அறிவீர்கள். உடைமை கைமாறியபோது உழைப்போரின் சம்மதத்தை எவர் கேட்டார்?

விளையாட்டு அணிகளுக்கும் உடைமையாளர் உண்டு. 2025 நவம்பரில் சென்னை கிரிக்கெட் அணி, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றது. ஒருவருக்கு இருவரா? எண்ணிக்கை மட்டும் அளவுகோலன்று.

அமெரிக்கக் காற்பந்தில், 1989இல் டல்லஸ் அணி தன் சிறந்த வீரர் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்கு அளித்து, ஐந்து வீரரையும் இளைஞரைத் தெரிவுசெய்யும் உரிமைகள் பலவற்றையும் பெற்றது. அப்பருவத்தில் ஒரே ஆட்டம் வென்ற அவ்வணி, 1992 முதல் நான்கு பருவங்களில் மும்முறை வாகை சூடியது. மாற்றின் இலாபநட்டம் பின்னரே புலப்படும்.

ஆனால், முதலில் கேட்கவேண்டியது வேறு: ஆட்டக்காரர் இசைந்தாரா? இந்தியப் பிரிமியர் லீக்கில் வீரரின் இசைவின்றி மாற்றமில்லை. அந்நெறி எல்லா உழைப்புக்கும் உரியது.