நூற்றுக்கு ஆறு



நாட்டு வருமானத்தில் கல்விக்கு எத்துணைப் பங்கு என்னும் கேள்வி பொருளியல் அறிஞர்க்கே உரியது என்று கருதுவோர் உண்டு. அஃது உங்களுக்கும் உரியதே. நீங்கள் அமரும் பலகையும், ஆய்வுக்கூடத்துத் தராசும், உங்கள் ஆசிரியரின் ஊதியமும் அப்பங்கிலிருந்தே வருகின்றன. ஆதலின் அதன் கணக்கையும் வரலாற்றையும் இன்று சிறிது காண்போம்.

கல்விச் செலவு இத்தனை கோடி என்று தொகையை மட்டும் கூறினால் போதாதோ எனின், போதாது. நூறு ரூபாய் வருவாயில் மூன்று ரூபாயை மகனின் படிப்புக்கு அளித்த தந்தை ஒருவர், வருவாய் இருநூறு ஆனபின் ஆறு ரூபாய் அளிக்கிறார் என்க. தொகை இரட்டித்தது; ஆனால் அவர் உள்ளத்தில் படிப்புக்குள்ள இடம் மாறவில்லை. அந்த இடத்தைக் காட்டுவது பங்கேயாகும்.

இயற்பியல் அறிஞர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் 1964இல் அமைந்த கல்விக் குழு, 1966இல் தன் அறிக்கையை அளித்தது. 1950-51இல் நாட்டு வருமானத்தில் 1.2 விழுக்காடாக இருந்த கல்விச் செலவு 1965-66இல் 2.9 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதனை 1985-86க்குள் 6 விழுக்காடாக்க வேண்டும் என்றது குழு. வருமானம் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளருமெனின், கல்விச் செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு வளர்ந்தாலன்றி அந்நிலை எய்தாது. மேலெண் கீழெண்ணைவிட விரைந்து வளர்ந்தால்தானே பின்னம் பெருகும்? நீங்கள் படித்த கணக்கே இது.

1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்த ஆறினை ஏற்றது. 1986ஆம் ஆண்டுக் கொள்கை மீண்டும் வலியுறுத்தியது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையோ, 2017-18இல் மத்திய, மாநில அரசுகளின் கல்விச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.43 விழுக்காட்டளவே எனக் கூறி, ஆறு எட்டப்படாமையையும் ஒப்புக்கொண்டு, அதே இலக்கை மறுபடியும் விதித்தது. முன்னது நாட்டு வருமானம், பின்னது உள்நாட்டு உற்பத்தி, ஆதலின் 2.9ஐயும் 4.43ஐயும் அப்படியே ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அரை நூற்றாண்டு கடந்தும் வாக்கு நிறைவேறவில்லை என்பதில் ஐயமில்லை.

காரணம் என்ன? கொள்கை சட்டமன்று, அதனை மீறியதற்காக எவரையும் வழக்குமன்றத்தில் நிறுத்த இயலாது. மேலும், அரசுகள் அனைத்தும் சேர்ந்து திரட்டும் வரி, நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அதிலிருந்தே பாதுகாப்பும், மருத்துவமும், சாலையும், கடனுக்கு வட்டியும் நடைபெற வேண்டும். ஆறு விழுக்காடு என்பது அவ்வரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். மேலும் செலவின் பெரும்பகுதியை ஏற்பவை மாநில அரசுகள். ஆதலின் ஆறு வேண்டுமெனின் வரி பெருக வேண்டும். அன்றி வேறொரு செலவு சுருங்க வேண்டும். இதனைச் சொல்லாது ஆறினை மட்டும் முழங்குவது அரைக் கணக்கு.

பங்கு குறைந்தால் எது குறையும்? தலைமையாசிரியனாகப் பல ஆண்டுகள் பள்ளிக் கணக்கெழுதிய நான் இதனை அறிவேன். ஊதியம் முதலில் கொடுக்கப்படும், அதுவே முறை. ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாது நீளும். நூலகத்துக்குப் புதிய நூல் வராது. நாற்பது பேர் கொண்ட வகுப்புக்குத் தராசு ஒன்றே இருக்கும். நால்வர் நிறுக்க, முப்பத்தாறு பேர் பார்த்து எழுதுவர். அந்த முப்பத்தாறு பேரும் தேர்வில் வெல்லலாம். ஆனால் நிறுத்தறிந்தவர் நால்வரே. தம் பிள்ளையையேனும் நிறுக்கச் செய்ய எண்ணும் பெற்றோர் கட்டணப் பள்ளியை நாடுவர். அதற்கு வழியற்றவர் வீட்டுப் பிள்ளை பார்த்து எழுதுவோர் வரிசையிலேயே நின்றுவிடும். அரசு செலுத்தாத பங்கு மறைந்துபோவதில்லை. ஏழையின் தோளுக்கு மாறுகிறது.

மாணவச் செல்வங்களே! நாளை வாக்களிக்கப்போகின்றவர்கள் நீங்கள். வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும் நாளில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். தொகை எவ்வளவு? வருமானத்தில் அதன் பங்கு எவ்வளவு? ஒரு பிள்ளைக்கு அதில் எவ்வளவு சேர்கிறது? முதல் வினாவோடு நிற்பவரை எண்கள் எளிதில் மயக்கும். மூன்றையும் கேட்கும் குடிமக்கள் பெருகினால், அவர்களுக்கு விடை கூறும் கடமை ஆள்வோர்க்கு வரும்.