வீட்டு மரமும் குளத்துக் காடும்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் வன்னியில் ஒரு கூட்டத்தில் ஐயா ஒருவர் எழும்பிக் கேட்டார்: "பிள்ளை, கோடரியும் கத்தியும் தந்தது உங்கட ஆக்கள்தானே. இப்ப மரத்தை வெட்டாதையுங்கோ எண்டு சொல்லவும் நீங்கள்தான் வாறியள். அப்ப நாங்கள் கோடரியை வைச்சு என்ன செய்யிறது?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

மரங்களைப் பற்றி உங்களுக்குக் கற்பிக்க நான் வரவில்லை. நான் கலைப்பிரிவில் படித்தவள். நீங்கள் பாலைப்பழம் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள். எது பாலை, எது வீரை, எது முதிரை என்று பட்டையைப் பார்த்தே சொல்வீர்கள். நான் பேச வந்தது, இந்த ஒரு வருடத்துக்குள் நாம் எடுக்கப்போகும் சில முடிவுகளைப் பற்றி.

முதலில் குளம். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு தண்ணீர் கொண்டுவருகிறது. அதுபோல உங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்கும் மேலே ஒரு காடு இருக்கிறது. மாரி மழை அந்தக் காட்டில் விழும்போது இலைச்சருகு அதை ஏந்திக்கொள்கிறது. வேர்கள் வழியே நிலத்துக்குள் கொஞ்சம் இறங்குகிறது. மிச்சம் மெதுவாகக் குளத்துக்கு வருகிறது. ஆடி, ஆவணியில் கிணற்றில் ஊறும் தண்ணீருக்கும் அந்தக் காட்டுக்கும் தொடர்பு உண்டு. மேலே மரம் இல்லாவிட்டால் அதே மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வரும். குளம் நிரம்பியதுபோலத் தெரியும், அடியில் சேறு. அப்படி மேடேறிய குளத்தை நம்பிக் காலபோகம் செய்யலாம், சிறுபோகம் செய்ய முடியாது. குளத்தைத் தூர்வாரப் பணம் கேட்டு நாங்கள் எழுதும் விண்ணப்பங்களுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே குளத்தின் மேற்புறக் காட்டிலும், குளக்கட்டிலும், அலைகரையிலும் கை வைக்காதீர்கள். ஆற்றோர மருத மரங்களும் அப்படித்தான். கரையைப் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வேர்தான்.

வீட்டுக்கு மரம் வேண்டாமா? வேண்டும். தறப்பாளுக்குக் கீழே இன்னொரு மாரியைக் கழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. முதிரையையும் பாலையையும் கறையான் லேசில் அரிக்காது என்பதால்தான் நம் முன்னோர் அவற்றைத் தேடினார்கள். ஆனால் அவை மிக மெதுவாக வளர்பவை. இன்று வெட்டும் பெரிய பாலைக்குப் பதிலாக ஒன்றை நம் பேரப்பிள்ளைகள்தான் காண்பார்கள். வளவுக்குள் நிற்கும் மரத்தையும், விழுந்து கிடக்கும் மரத்தையும் முதலில் பாருங்கள். அரச காட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டுவதும் மரம் ஏற்றிச் செல்வதும் குற்றம். சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். பங்கருக்கென்று எத்தனை பனையை இழந்தோம் என்பதை நினைத்தால் இந்தச் சட்டம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இளைஞர்களுக்கு ஒரு விஷயம். வெளியிலிருந்து வரும் வியாபாரிகள் ஒரு லோட் முதிரைக்குக் கைநிறையக் காசு தருவதாகச் சொல்கிறார்கள். பிடிபட்டால் கோடரியோடு உழவு இயந்திரமும் பறிபோகலாம். லீசிங்கில் எடுத்த லாண்ட்மாஸ்டராக இருந்தால் வண்டி நீதிமன்ற வளவில் நிற்க, நீங்கள் தவணைப்பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வியாபாரி அன்றைக்கு உங்கள் தொலைபேசிக்குப் பதில் சொல்லமாட்டார்.

விறகுக்குப் போகும் அம்மாமாரே, சிவப்புப் பலகையும் மண்டையோட்டு அடையாளமும் உள்ள இடத்தைத் தாண்ட வேண்டாம். எவ்வளவு நல்ல காய்ந்த விறகு கண்ணுக்குத் தெரிந்தாலும் வேண்டாம். பட்ட மரத்தையும் உதிர்ந்த கொப்புகளையும் எடுங்கள். களிமண்ணில் செய்யும் அனகி அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம். விறகு குறைவாகப் போதும், காட்டுக்குப் போகும் நடையும் குறையும். தேன் எடுப்பவர்கள் பந்தத்தை நன்றாக அணைத்துவிட்டு வாருங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு பொறி போதும்.

1950களின் நடுப்பகுதியில் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 44 சதவீதம் காடாக இருந்தது. இப்போது 30 சதவீதமளவில் வந்து நிற்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி நம்முடையதுபோன்ற உலர் வலயக் காடுதான். அதைத் துண்டு துண்டாக்கினால் யானை எங்கே போகும்? நெல் விளையும் இடத்துக்குத்தான் வரும்.

இனிச் சிக்கலான விஷயம். நீங்கள் இல்லாத வருடங்களில் வயலும் வளவும் காடுபற்றிவிட்டன. அங்கே பழைய கிணறு, புளியமரம், வீட்டு அத்திவாரம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அளக்க வருபவரின் கண்ணுக்கு அது காடு. அது உங்கள் காணி என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அவசரப்பட்டு வெட்டித் தீ வைக்காதீர்கள். ஒரு வழக்கு வந்தால் காணிக் கேள்வியும் அதோடு சிக்கிக்கொள்ளும். உறுதியையோ பெர்மிட்டையோ கிராம அலுவலரிடம் காட்டுங்கள். எரிந்துபோனவர்கள், தொலைத்தவர்கள் எல்லை தெரிந்த அயலவர் இரண்டுபேரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தில் எழுத்தில் பதியுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இந்த அலைச்சல் உங்களுக்கு ஏற்கெனவே போதும் என்று தெரியும். என்றாலும் அந்த முத்திரை பின்னால் உதவும்.

அந்த ஐயாவிடம் நான் சொன்ன பதில் இதுதான்: கோடரி பற்றையை வெட்ட, கதியால் தறிக்க. கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாக நட்டால் வேலிக்குக் காட்டுக் கம்பு தேவையில்லை. சீமைக்கிளுவை குழை வயலுக்குப் பசளை, ஆட்டுக்குத் தீன், காய்ந்த தடி அடுப்புக்கு. முதல் மழையோடு நட்டால்தான் பிடிக்கும். கதியால் தேவைப்படுபவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.