கடைசி வாங்குக்கும் ஒரு வேலை



இன்று ஒரு பாடசாலையின் ஒரு வாரத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். இலக்கிய நிகழ்ச்சியிலே பாடசாலை நேரசூசிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாளை நூல்களைத் தேடி வாசிக்கப் போகின்றவர்கள் இன்று ஆறாம் தரத்திலும் ஏழாம் தரத்திலும் இருக்கின்றார்கள். அவர்கள் தமிழோடு ஒட்டுவதும் விலகுவதும் பெரும்பாலும் அந்த வயதிலேதான்.

நமது பாடசாலைகளில் ஒவ்வொரு நாளும் பாடவேளைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றது. நேரசூசி அப்படித்தான் சொல்கின்றது. தமிழ்மொழித்தினப் போட்டி நெருங்கும் வாரத்திலே நடப்பது வேறு. திங்கட்கிழமை காலைக்கூட்டம் முதற் பாடவேளையையும் விழுங்கிவிடும். செவ்வாயன்று பாவோதலுக்குத் தெரிவு. புதனன்று நாடக ஒத்திகை. இடையிலே டெங்கு ஒழிப்புச் சிரமதானம். விளையாட்டுப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளைக் கண்டி மழை மண்டபத்துக்குள் துரத்திவிடும். அங்கே ஏற்கெனவே நடனப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை அலகுப் பரீட்சை.

இந்த அமளியிலே படிப்பு நடக்கின்றதா என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். என்னை அதிகம் வருத்துவது இன்னொரு கேள்வி. நடக்கின்ற இத்தனை காரியங்களிலும் எத்தனை பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கின்றது? நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே பேச்சுக்கு ஒருவர், பாவோதலுக்கு ஒருவர், நாடகத்துக்கு ஆறேழு பேர். ஆசிரியரும் அவர்களோடு மண்டபத்துக்குப் போய்விடுகின்றார். எஞ்சிய முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பிலே சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அதுதான் அவர்களுக்கு இடப்படும் பணி. போட்டிக்குப் போகும் பிள்ளை ஏற்கெனவே நன்றாகப் பேசுகின்ற பிள்ளை. பயிற்சி மேலும் அந்தப் பிள்ளைக்கே போகின்றது.

கண்டியைச் சூழவுள்ள பாடசாலைகளில் இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. 1907ஆம் ஆண்டின் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. அது மனதிற் கொண்டது 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளை மாத்திரமே. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். பத்து வயதோடு படிப்பு முடிந்துவிடும் என்ற எண்ணம் சட்டத்திலிருந்து என்றோ போய்விட்டது. ஆனால் பல தோட்டப் பாடசாலைகள் இன்றும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகின்றன. ஹந்தானைச் சரிவிலிருந்தும் கலஹாப் பக்கத்திலிருந்தும் ஆறாம் தரத்துக்கென்று பஸ் ஏறி வரும் பிள்ளை, புதிய பாடசாலையிலே பெரும்பாலும் கடைசி வாங்கிலேதான் போய் அமர்கின்றது. தனக்கு இங்கே இடம் உண்டா என்பதை அது முதல் ஒன்றிரண்டு தவணைகளிலே தீர்மானித்து விடுகின்றது.

அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுக்கும் வழியை நாம் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. பேராதனை நமக்குப் பக்கத்திலேதான் இருக்கின்றது. 1956இலே பேராசிரியர் சரச்சந்திர அங்கிருந்து ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். அடுத்த தசாப்தத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இலே ‘கர்ணன் போர்’. பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசானாக நின்றார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. கூத்திலே ராசா வேடம் ஒருவருக்குத்தான். ஆனால் பிற்பாட்டுக்கு ஆள் வேண்டும். மத்தளத்துக்கும் தாளத்துக்கும் ஆள் வேண்டும். உடுப்புக் கட்டவும் ஏட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். பேச்சுப் போட்டி நாற்பது பேரிலே ஒருவரைப் பொறுக்கி எடுக்கின்றது. கூத்து நாற்பது பேரையும் கேட்கின்றது.

மலையகத்துக்கு அதன் சொந்தக் கூத்தே இருக்கின்றது. மாசி மாதத்திலே தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை நேயர்கள் அறிவீர்கள். ஏழாம் தர வகுப்பொன்றிலே அதில் ஒரு சிறு பகுதியை முழு வகுப்பும் சேர்ந்து செய்து பார்த்தோம். ஒத்திகைக்குத் தப்பு ஒன்று வந்தது. அடித்தபோது ஓசை மந்தமாக இருந்தது. அந்தத் தவணையிலே வகுப்பில் வாய் திறந்தறியாத ஒரு பையன் பின்னாலிருந்து எழுந்து வந்தான். “சேர், தோலு குளுந்து போயிருக்கு. கொஞ்சம் அனல் காட்டணும்” என்றான். பழைய பத்திரிகைத் தாள்களைக் கொளுத்தி, எவ்வளவு தூரத்திலே பிடிக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் காட்டினான். பிறகு அடித்த அடி மண்டபத்துக்கு அப்பால் கேட்டது.

தப்பைத் தொடுவது தங்களுக்கு இழுக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள். அந்த எண்ணத்தைப் பாடம் நடத்திப் போக்குவது கடினம். அன்று மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே அவனிடம் தப்பை வாங்கி அடித்துப் பழகினார்கள்.

இத்தோடு நின்றுவிட்டால் அது வெறும் வேடிக்கையாகவே முடியும். இந்த இடத்திலே கண்டிப் பகுதி நமக்குத் தந்த இன்னொரு பாடத்தை நினைவுகூர வேண்டும். 1930களிலே கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் காலத்தில் ஹந்தெஸ்ஸ என்னும் ஊரிலே ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பாடங்களை விவசாயத்தோடும் கைத்தொழிலோடும் சுகாதாரத்தோடும் இணைத்த திட்டம் அது. 1937இலே காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் அதே திசையிலே சென்றது. நல்ல எண்ணந்தான். ஆயினும் ஹந்தெஸ்ஸத் திட்டம் நிலைக்கவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், நம் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று கிராமத்துப் பெற்றோர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தப்பு அடிக்கத் தெரிந்த பிள்ளையைத் தப்போடு விட்டுவிட்டால், அவனை நாம் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியவர்கள் ஆவோம்.

ஆகவே செயற்பாடு எழுத்துக்கு வந்து சேர வேண்டும். அடுத்த நாள் தமிழ்ப் பாடவேளையிலே, தாம் கண்டதை வரிசைப்படி எழுதுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். அந்தப் பையன் அரைப் பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் எந்தப் படியும் விடுபடவில்லை. ‘அனல்’ என்ற சொல்லையும் ‘சூடு’ என்ற சொல்லையும் இடமறிந்து வெவ்வேறாகப் பயன்படுத்தியிருந்தான். கட்டுரைப் பயிற்சிக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சூடேறிய தோல் இறுகுவதும் சுருதி ஏறுவதும் ஏன் என்பது விஞ்ஞான ஆசிரியருக்குரிய பாடம். உடுப்புக்கும் வர்ணத்துக்கும் ஆன செலவு கணிதத்துக்கு. அழைப்பிதழும் அறிவித்தலும் நிகழ்ச்சித் தொகுப்பும் எழுதுவது தமிழுக்கு. வீட்டிலே பாட்டியிடம் கேட்டு வரும் வழக்குச் சொற்களைத் தொகுத்தால் வகுப்புக்கென்று ஒரு சிறு அகராதியே ஆகிவிடும். ஒரு வாரத்தின் பாடவேளைகள் எல்லாம் குழம்பிப் போகாமல் ஒன்றுக்கொன்று கைகொடுக்க இப்படியும் வழி உண்டு.

பாடத்திட்டம் முடியவில்லையே என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான், நானும் அந்த நெருக்கடியிலே நாள்தோறும் நிற்பவன். போட்டிகளை நிறுத்துங்கள் என்று நான் கோரவில்லை. திறமையுள்ள பிள்ளை மேடையேறத்தான் வேண்டும். ஒத்திகைக்கு ஆறு பேரை அழைத்துப் போகும்போது எஞ்சியவர்களுக்கும் அதே ஒத்திகையோடு தொடர்புடைய ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போவோம். ஒருவர் உச்சரிப்பைக் கவனித்துக் குறிக்கட்டும். ஒருவர் கதையைச் சுருக்கி எழுதட்டும். ஒருவர் திரையை இழுக்கட்டும். அதற்கு மேலதிகச் செலவில்லை. முதல் நாள் மாலை பத்து நிமிடம் யோசித்து ஒரு பட்டியல் போட்டால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் யாருக்கு முதலிடம் கிடைத்தது என்று கேட்கின்றோம். இந்த வாரம் நீ என்ன வேலை செய்தாய், அதைப் பற்றி என்ன எழுதினாய் என்றும் கேட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று பிள்ளை சொன்னால், அந்தப் பதிலை வகுப்பாசிரியரிடம் கொண்டு வாருங்கள். அதைக் கேட்கும் கடமை எங்களுக்கு உண்டு.