எக்ஸ்போசிதோ: பெற்றோர் பெயர் அறியாத பிள்ளைகளின் குடும்பப்பெயர்



ஸ்பானிய மொழியில் வழங்கும் ஒரு குடும்பப்பெயரைப் பற்றி இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ளோம். மொழி மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வியக்கக்கூடும். ஒரு பெயரடைச் சொல் குடும்பப்பெயராக இறுகியதையும், அந்தப் பெயரின் சுமையைக் குறைக்க ஓர் அரசு சட்டமே இயற்ற நேர்ந்ததையும் ஒரே சொல்லின் வரலாற்றில் காண முடிகிறது. சொல்லாராய்ச்சி பயில்வோர்க்கு இது நல்ல பாடம்.

முதலில் ஸ்பானியர் பெயரிடும் முறையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அங்கு ஒருவர்க்கு இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு. தந்தையின் முதற் குடும்பப்பெயர் முன்னும், தாயின் முதற் குடும்பப்பெயர் பின்னும் நிற்பது நெடுநாள் வழக்கம். ஓவியர் பிக்காசோவின் முழுப்பெயர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ. ரூயிஸ் தந்தைவழி வந்தது. பிக்காசோ தாய்வழி வந்தது. பெண் மணம் புரிந்தாலும் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஸ்பெயினில் ஒருவரின் பெயரைக் கேட்ட அளவிலேயே தந்தைவழி, தாய்வழி இரண்டும் தெரிந்துவிடும். அத்தகைய நாட்டில் தந்தையும் தாயும் யாரென்றே அறியப்படாத குழந்தைக்கு என்ன பெயர் எழுதுவது?

அவ்வினாவுக்குப் பதிவேடுகள் தந்த விடைகளுள் ஒன்றே எக்ஸ்போசிதோ. லத்தீனில் ‘எக்ஸ்’ என்பது புறம். ‘போனெரெ’ என்பது வைத்தல். இரண்டும் கூடிய ‘எக்ஸ்போசிதுஸ்’ புறத்தே வைக்கப்பட்டவன் என்று பொருள்படும். ஸ்பானிய மொழியில் கண்காட்சியைக் குறிக்கும் ‘எக்ஸ்போசிசியோன்’ என்னும் சொல்லும் இதே வேரினது. பலர் காணப் பொருளை வெளியில் வைப்பதும், எவரும் காணாத நேரத்தில் குழந்தையை வெளியில் வைத்துவிட்டுச் செல்வதும் ஒரே வினையில் பிறந்த இரு சொற்களாயின.

கோயில் வாயிலிலும் மருத்துவமனைப் படியிலும் விடப்பட்ட குழந்தைகளை ஏற்பதற்கென்றே இல்லங்கள் தோன்றின. மத்ரிதில் இருந்த இல்லத்திற்கு இன்க்ளூசா என்று பெயர். இத்தகைய இல்லங்களின் சுவரில் ‘தோர்னோ’ எனப்படும் சுழற்பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். வெளியில் நிற்பவர் குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றினால் குழந்தை உள்ளே சென்றுவிடும். வைத்தவர் முகத்தை உள்ளிருப்பவர் காணமாட்டார். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவானவர் பதிவேட்டில் ஓர் இயற்பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ‘எக்ஸ்போசிதோ’ என்று குறிப்பார். அப்போது அது பெயரன்று. நிலையைக் குறிக்கும் அடைமொழி மட்டுமே. பெண் குழந்தையாயின் பால் வேறுபாட்டிற்கேற்ப ‘எக்ஸ்போசிதா’ என்றே எழுதுவர்.

இந்த அடைமொழி காலப்போக்கில் இயற்பெயரோடு ஒட்டிக்கொண்டது. இலக்கணம் பயிலும் மாணவர்கள் இங்கே இரு குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். சிறிய எழுத்தில் தொடங்கிய சொல் பெரிய எழுத்தில் தொடங்கலாயிற்று. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால், நம் எழுத்தில் எழுதும்போது இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. இரண்டாவது, பால் விகுதி மாறாமல் நின்றது. இன்று அப்பெயர் கொண்ட பெண்ணும் எக்ஸ்போசிதோவே. விகுதி உறைந்துவிட்டதே அது பெயராகிவிட்டதற்குச் சான்று என்பது நம் கருத்து.

எல்லா ஊர்களிலும் இச்சொல்லே வழங்கியதென்று கொள்ளலாகாது. சரகோசா நகரில் அருள் அன்னை மருத்துவமனையின் பெயரால் ‘கிராசியா’ என்று இட்டனர். ‘தெ லா இக்லேசியா’, அதாவது திருச்சபையின் பிள்ளை, என்று எழுதுவதும் உண்டு. காத்தலோனியாவில் ‘தெயுலோஃபேயு’ என்னும் அரிய குடும்பப்பெயர் இருக்கிறது. ‘இறைவன் அவனைப் படைத்தான்’ என்பது அதன் பொருள். அதனைக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குரிய பெயர் என்று பலர் கூறுவர். இறைப்பற்றினால் பெற்றோரே இட்டு மகிழ்ந்த இடைக்கால இயற்பெயராகவும் அது இருந்திருத்தல் கூடும். பொருள் பொருந்துகிறது என்பதற்காக வரலாற்றை முடிவுசெய்தல் சொல்லாராய்ச்சியில் அடிக்கடி நிகழும் பிழை.

சொல் பெயரானது ஒருபுறமிருக்க, பெயர் வசையானதையும் கூற வேண்டும். பெற்றோர் அறியப்படாதவன் முறைகேடாகப் பிறந்தவனே என்று ஊரார் கருதினர். தொழிற்குழுக்களிலும் பதவிகளிலும் பிறப்பின் தூய்மையை வினவிய காலம் அது. இந்நிலையில் 1794ஆம் ஆண்டு அரசர் நான்காம் கார்லோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவரும் குடியியல் நடைமுறைகளில் முறையாகப் பிறந்தவர்களாகவே கொள்ளப்படுவர் என்றது அவ்வாணை. அவர்களை முறைகேடாகப் பிறந்தவர், கள்ள உறவில் பிறந்தவர் என்றெல்லாம் இழித்துரைப்பவர் தண்டிக்கப்படுவர். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவும் கட்டாயப்படுத்தப்படுவர். இன்ன இன்ன சொற்களைச் சொல்லலாகாது என்று அவ்வசைகளையே ஆணை வரிசையாகப் பெயர் குறித்துத் தடுத்தது. சவுக்கடி, தூக்கு முதலிய இழிவான தண்டனைகளும் அவர்களுக்கு விதிக்கப்படலாகாது என்றது. பெற்றோர் யாரெனத் தெரியாதபோது அவர்கள் உயர்குடியினராகவும் இருக்கக்கூடும் அன்றோ என்பது அதற்குக் காட்டிய காரணம். அறியாமையை இழிவுக்குச் சான்றாகக் கொள்ளாமல் மதிப்புக்குச் சான்றாகக் கொண்ட இந்த வாதம் நம் நெஞ்சைத் தொடுகிறது. ஆயினும் ஆணை வசைச்சொற்களைத்தான் தடுத்தது; பதிவேட்டிலிருந்த பெயரை அது நீக்கவில்லை.

இவ்வரலாறு நம் வட்டாரத்தின் பக்கமும் வருகிறது. 1803 நவம்பர் 30ஆம் நாள் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மரியா பீத்தா என்னும் கப்பல் புறப்பட்டது. மருத்துவர் பிரான்சிஸ்கோ சவியேர் பல்மிஸ் தலைமையில் பெரியம்மைத் தடுப்பு மருந்தைக் கடல் கடந்த நாடுகளுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். குளிரூட்டும் வசதி இல்லாத காலமாதலால் மருந்தைச் சிறுவர்களின் உடலிலேயே உயிரோடு வைத்திருந்தனர். ஒரு சிறுவனின் கையிலெழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்தவன் கையிலிட்டு, இவ்வாறே கடல் முழுதும் கடந்தனர். அதற்கெனச் சென்ற 22 சிறுவர்களும் இத்தகைய இல்லங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பெயர்ப்பட்டியல் இன்றும் கிடைக்கிறது. கான்திதோ, கிளெமென்தே, ஹசிந்தோ என வெறும் இயற்பெயர்களே அதில் மிகுதி. குடும்பப்பெயர் உடையவர் ஒரு சிலரே. பல்மிஸ் பின்னர் மெக்சிக்கோவிலிருந்து வேறு 26 சிறுவர்களுடன் புறப்பட்டு 1805 ஏப்ரலில் மணிலாவை அடைந்தார். இரு பயணங்களிலும் பிள்ளைகளைப் பேணியவர் லா கொருன்யா இல்லத்தின் பொறுப்பாளரான இசபெல் செந்தால். அவருடைய குடும்பப்பெயரோ ஆவணத்திற்கு ஆவணம் வேறு வேறு வடிவத்தில் எழுதப்பட்டுள்ளது! பெயரற்ற பிள்ளைகளைக் காத்தவரின் பெயரையும் எழுத்தர்கள் நிலையாக எழுதவில்லை.

புவெனோஸ் ஐரெஸ் நகரில் 1779இல் நிறுவப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் வருவாய்க்கென அடுத்த ஆண்டு ஓர் அச்சகம் ஏற்படுத்தப்பட்டது. இயேசு சபையார் வெளியேற்றப்பட்ட பின் கொர்தோபாவில் பயனின்றிக் கிடந்த அச்சுப்பொறியை அங்குக் கொண்டுவந்தனர். அந்நகரின் முதற் செய்தித்தாள் 1801இல் இவ்வச்சகத்திலேயே அச்சேறியது. ‘எக்ஸ்போசிதோ சிறார் அச்சகம்’ என்ற முத்திரையோடு வெளிவந்த நூல்களைத் தென்னமெரிக்க நூலகங்கள் இன்று பெருமையுடன் காத்து வருகின்றன.

இனி, இப்பெயர் எவ்வளவு பரவியுள்ளது என்று காண்போம். இத்தாலிய மொழியில் இதன் இணையான எஸ்போசிதோ, நாப்போலி நகரில் மிகப் பரவலான குடும்பப்பெயர். இத்தாலி முழுமைக்கும் எண்ணினும் முன்வரிசையில் நிற்பது. ஸ்பெயினிலோ கார்சியா, ரொத்ரிகெஸ் போன்ற பெயர்களுக்கு அருகில் வைத்து எண்ணத்தக்க அளவில் எக்ஸ்போசிதோ இல்லை. இல்லங்களில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் தொகையோ மிகப் பெரிது. பின் ஏன் பெயர் அருகியது?

முதற் காரணம் துயரமானது. அக்குழந்தைகளுள் மிகப் பலர் பெயரை மற்றொருவர்க்கு வழங்கும் வயதை எட்டவே இல்லை. பாலூட்டும் செவிலியர் போதாமையும் நோயும் அவர்களை மழலையிலேயே கொண்டுபோயின. அடுத்தது, முன்னே கூறியவாறு ஊர்தோறும் வேறு பெயர்கள் இடப்பட்டமை. பெண்வழி வந்த பெயர் பேரப்பிள்ளைகள் காலத்தில் மறைந்துபோவது மற்றொன்று. இவற்றோடு சட்டமும் சேர்ந்தது. 1921ஆம் ஆண்டு முதல் எக்ஸ்போசிதோ என்னும் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழிவகுத்தது. 1957ஆம் ஆண்டின் குடியியல் பதிவுச் சட்டமும், பிறப்பு அறியப்படாமையைக் காட்டும் இப்பெயரையும் இதனையொத்த பெயர்களையும் நீக்கி வழக்கிலுள்ள வேறொரு குடும்பப்பெயரை ஏற்க இடமளித்தது. பெயரைக் கேட்டவுடன் தன் பாட்டனின் பிறப்பைப் பிறர் கணக்கிடுவதை விரும்பாதவர்கள் மாற்றிக்கொண்டனர்.

மாற்றாமல் வைத்துக்கொண்டவர்களும் பலர். அர்ஜென்டினாவின் தாங்கோ இசையுலகில் புகழ்பெற்ற உடன்பிறந்தார் இருவர் உளர். அண்ணன் ஓமேரோ எக்ஸ்போசிதோ பாடல் எழுதினார். தம்பி விர்ஹீலியோ எக்ஸ்போசிதோ இசையமைத்தார். 1944இல் இருவரும் சேர்ந்து ஆக்கிய ‘பூத்த ஆரஞ்சு மரம்’ என்னும் பாடல் இன்றும் அந்நாட்டு அரங்குகளில் பாடப்படுகிறது.