பவளக் கல்லில் ஒரு பள்ளிவாசல்

 

மாலத்தீவின் தலைநகரான மாலே, கால்நடையாகவே சுற்றிவரத்தக்க சிறு தீவு. அங்கு மலையுமில்லை, கருங்கல்லுமில்லை. ஆயினும் 1658-ஆம் ஆண்டு சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் எழுப்பிய ஜும்ஆப் பள்ளிவாசல் இன்றளவும் அங்கே நிலைத்து நிற்கிறது. கடலினின்று எடுத்த பவளக் கல்லால் ஆனது அது.

தோல் தொழில் அறிந்த உங்களுக்கு அதன் தன்மையை விளக்குதல் எளிது. ஈரமுள்ளவரை தோல் வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விறைத்துவிடும். பவளக் கல்லும் ஈரத்தில் உளிக்கு இணங்கும். வெயிலில் உலர்ந்தால் இறுகிவிடும். அவ்வாறு செதுக்கிய கற்களைச் சாந்தின்றி, ஒன்றோடொன்று பொருந்தக் கோத்தே சுவரெழுப்பினர். உள்ளே இறைவசனங்களைச் செதுக்கி, மரவேலைகளுக்கு அரக்கு வண்ணம் பூசினர்.

இன்று அத்தகைய பள்ளியொன்றைப் புதிதாக எழுப்புதல் அரிது. பவளப்பாறையே தீவை அலையினின்று காக்கும் அரண். அதை வெட்டினால் ஊருக்கே ஊறு. ஆகவே இருப்பதைப் பேணுவதே வழி.

சகோதரர்களே! தொழுவோர் பெருகும்போது பள்ளியை விரிவாக்குவது தேவையே. எனினும் பழைய மிஹ்ராபையோ, மரத்தூணையோ பெயர்க்குமுன், அதைத் திரும்பச் செய்யவல்ல கைகள் நம்மிடையே உண்டா என்று சிந்திப்போம். இல்லையெனில் பழுது பார்ப்போம், இடிக்க வேண்டாம். முன்னோர் விட்டுச்சென்றது நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பேணிக்காக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.