ஒரு வழியா, பல வழியா?

(ஆலயத் திருவிழாவின் சமயச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இம்மேடையில் அம்பாளின் அருட்பெருமையையும் அடியார்களின் வரலாற்றையும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு எனக்குச் சற்று வேறான பணி தரப்பட்டுள்ளது. நம் சமய வகுப்பில் பயிலும் ஒரு சிறுமி தன் ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்டாளாம். "என் கிறித்துவத் தோழி தங்கள் சமயம் ஒன்றே உண்மை என்கிறாள். அப்படியானால் இறந்துபோன என் பாட்டி நரகத்திலா இருக்கிறார்?" என்பதே அக்கேள்வி. ஆசிரியைக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்தக் குழந்தைக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இக்கேள்வி என் வீட்டுக்கும் ஒருமுறை வந்தது. 1986ஆம் ஆண்டு என் தாயார் தோட்டத்து லயத்தில் காலமானார். என் தம்பி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பட்டணத்தில் வேலை பார்த்தபோது கிறித்துவனாகியிருந்தான். வாய்க்கரிசி இட அவனை அழைத்தோம். அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான், உள்ளே வரவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு பிடி அரிசி இடாத பிள்ளை என்று ஊரார் ஏசினர். நானும் ஏசினேன். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவனோடு பேசவில்லை.

1995இல் எனக்கு இதயநோய் கண்டு மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று இரவுகள் என் கட்டிலருகே கண்விழித்திருந்தவன் அவனே. மூன்றாம் இரவில் மனம் பொறுக்காமல், "அன்று ஏனப்பா அப்படி நின்றாய்?" என்று கேட்டேன். "அண்ணே, அம்மாவை மதிக்காமல் நான் நிற்கவில்லை. இனி எந்தக் காலத்திலும் அம்மாவைப் பார்க்க முடியாதோ என்ற பயத்தில் நின்றேன்" என்று சொல்லி அழுதான். ஒன்பது ஆண்டுகள் நான் ஆணவம் என்று எண்ணியிருந்தது அச்சமும் அன்பும் கலந்த ஒன்று என அன்றுதான் அறிந்தேன். அவன் ஏன் அவ்வாறு நம்பினான் என்பதை அறியும் முயற்சியும் அன்றே தொடங்கியது.

பிறர் கொள்கையை ஆராயும் முறையை நம் முன்னோர் நமக்கு வகுத்துத் தந்துள்ளனர். அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பரபக்கத்தில் மாற்றார் கொள்கையை முதலில் முறையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். நாமும் முதலில் அவர்கள் பக்கத்தைக் கேட்போம்.

அவர்கள் கூறும் காரணங்கள்

கிறித்துவர் சிலர் தம் சமயம் ஒன்றே மெய் என்று கொள்வதற்கு நான்கு காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, யூத சமயத்திலிருந்து அவர்கள் பெற்ற மரபு. மோசே வழியாக வந்த பத்துக் கட்டளைகளில், அந்த ஓர் இறைவனையன்றி வேறு தெய்வம் கொள்ளலாகாது என்ற விதி முன்னிற்கிறது. கணவன் மனைவி உறவு போன்ற உடன்படிக்கையாக அவர்கள் இறைபக்தியைக் காண்கின்றனர். ஆகவே வேறொரு தெய்வத்தை வணங்குவது அவர்களுக்குக் கற்பு தவறுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, இறைவன் மண்ணுக்கு வந்தது ஒரே முறை என்ற நம்பிக்கை. நமக்குத் திருமாலின் அவதாரங்கள் பல. மதுரையில் மட்டும் சிவபெருமானின் திருவிளையாடல்கள் அறுபத்து நான்கு. அவர்களுக்கோ பிலாத்து என்ற உரோம ஆளுநர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு ஒருவரே இறைமகன். உலகின் பாவம் அங்கே ஒரே முறையில் தீர்க்கப்பட்டது என்பது அவர்கள் கொள்கை. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், தந்தையிடம் செல்லும் வழி தாமே என இயேசு கூறுவதாக உள்ள பகுதியை இக்கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டுவர்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் வலிமையானது. அவர்களுக்குப் பிறவி ஒன்றே. நம் சமயத்தில் இப்பிறவியில் தவறியவன் அடுத்த பிறவியில் தொடரலாம். அவர்களுக்கு இந்த ஒரு வாழ்வு முடிந்தால் தீர்ப்பு. தீர்ப்புக்குப் பின் மாற்றமில்லை. இதை மெய்யாகவே நம்பும் ஒருவன் தன் தாயும் தமையனும் வேறு வழியில் செல்வதைக் கண்டு வாளா இருப்பானா? ஆற்றில் ஒருவர் அடித்துச் செல்லப்படுவதைக் கரையில் நின்று காண்பவன் கூச்சலிடாமல் இருக்க முடியுமா? என் தம்பியின் கண்ணீருக்குக் காரணம் இதுவே.

நான்காவது, எல்லா இனத்தாரிடமும் சென்று அறிவிக்குமாறு இயேசு தம் சீடருக்கு இட்ட கட்டளை. மத்தேயு நற்செய்தி இதனுடனேயே முடிகிறது. கதவைத் தட்டி வரும் பலர் இதனைத் தம் கடமையெனக் கருதியே வருகின்றனர்.

அவர்களுள் எழுந்த வழக்கு

அன்பர்களே, இதுவரை கூறியது ஒரு பக்கம். கிறித்துவர் அனைவரும் இதனை ஒரே பொருளில் கொள்ளவில்லை என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

திருச்சபைக்குப் புறத்தே மீட்பில்லை என்னும் கருத்தை மூன்றாம் நூற்றாண்டில் வற்புறுத்தியவர் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன். அவர் அதனைச் சபையைப் பிளந்து தனியே சென்ற கிறித்துவரை நோக்கிக் கூறினார். பிற சமயத்தாரைப் பற்றி அன்று வழக்கில்லை. 380ஆம் ஆண்டு உரோமப் பேரரசு கிறித்துவத்தை அரச சமயமாக ஏற்றபின் அச்சொல்லுக்கு அரசின் வலிமையும் சேர்ந்தது. 1302இல் எட்டாம் பொனிபாஸ் என்ற போப்பாண்டவர், போப்பாண்டவருக்குக் கீழ்ப்படிதல் மீட்புக்கு இன்றியமையாதது என்றே அறிவித்தார்.

1492க்குப் பின் கிறித்துவின் பெயரையே கேட்டிராத பெருங்கூட்டம் கடலுக்கு அப்பால் வாழ்வதை ஐரோப்பியர் கண்டனர். அறியாதவரை இறைவன் தண்டிப்பானா என்ற கேள்வி அவர்களின் அறிஞரிடையே வலுப்பெற்றது. நம் நாட்டுத் தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவரை ஆதரித்த ஜெர்மானியப் பெரியோர் அதனை அச்சிட விரும்பவில்லை. அந்நூல் அச்சேறியது 1867இல்தான். அருகிருந்து நம்மைக் கண்டவர் அறிந்ததைத் தொலைவிலிருந்தவர் கேட்க மறுத்தனர்.

1893இல் சிகாகோவில் சர்வ சமய மாநாடு கூடியபோது, கெந்தர்பரி பேராயர் பென்சன் அதில் கலந்துகொள்ள மறுத்துக் கடிதம் எழுதினார். தம் சமயம் ஒன்றே சமயம் எனக் கருதும் தாம், பிறவற்றோடு அதனைச் சமமாக எவ்வாறு அமர்த்துவது என்பதே அவர் கூறிய காரணம். அதே மாநாட்டைக் கூட்டி நடத்தியவர்களுள் முன்னின்றவரும் கிறித்துவரே. சுவாமி விவேகானந்தருக்கு மேடை கிடைத்தது அவர்களால்தான்.

1938இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் உலகக் கிறித்துவ ஊழியர் மாநாடு நடைபெற்றது. ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்றிக் கிரேமர் அம்மாநாட்டுக்காக எழுதிய நூலில், கிறித்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களுக்கும் இடையே பாலமே இல்லை என்னும் போக்கில் வாதிட்டார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய ஹாக் அதனை ஏற்கவில்லை. இந்துக்களிடத்தும் மெய்யான இறைப்பற்று உண்டு என்று அவர் வாதாடினார். இந்துக்களோடு நெடுங்காலம் பழகியவரின் சொல் அது.

கத்தோலிக்கருள் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் லியோனார்டு பீனி என்ற பாதிரியார், சபைக்குப் புறத்தே உள்ள எவருக்கும் மீட்பில்லை என்று கடுமையாகப் போதித்தார். அவரது விளக்கம் தவறு என 1949இல் உரோமாபுரியிலிருந்து கடிதம் வந்தது. தம் குற்றமின்றி அறியாதிருப்போரும் இறையருளைப் பெறலாம் என்று அது விளக்கியது. அழைத்தும் உரோமாபுரிக்குச் செல்ல மறுத்த அவர் 1953இல் சபையினின்றும் விலக்கப்பட்டார். சபைக்கு வெளியே மீட்பில்லை என்றவரே சபைக்கு வெளியே நிற்க நேர்ந்தது! 1972இல் அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் தாம் தள்ளுவதில்லை என்றது. ஆயினும் கிறித்துவை அறிவிக்கும் கடமையை அது கைவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட மற்றோர் அறிக்கை கிறித்துவின் தனித்தன்மையை மீண்டும் வற்புறுத்தியது. ஆக, வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவேதான் தலைப்பில் 'கிறித்துவர் சிலர்' என்று நிருவாகக் குழுவினர் கவனமாகக் குறித்தனர் போலும்.

நம் பக்கம்

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேடையில் கூறிவிட்டு இறங்குவது எளிது. நம் சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்துச் சைவ சித்தாந்தத்தை அவற்றின் முடியில் வைத்தது. எம் சமயமே மேல் என்று நாமும் சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் நம் முன்னோர் ஏனைய சமயங்களைப் படிகளாக வைத்தனர். கீழ்ப்படியில் நிற்பவனும் ஏறிக்கொண்டிருப்பவனே. ஏற அவனுக்குப் பிறவிகள் உண்டு. அவனை ஏற்றிவிடுபவனும் அதே இறைவனே. ஒரு பிறவி என்ற நம்பிக்கை அவர்களுக்கு விரைவைத் தந்தது. பல பிறவி என்ற நம்பிக்கை நமக்குப் பொறுமையைத் தந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அப்பொறுமை சில வேளைகளில் நம்மிடம் சோம்பலாக மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் தம்பி பதினைந்து வயதில் என்னிடம், "ஏன் தீ மிதிக்கிறோம்? ஏன் இத்தனை தெய்வங்கள்?" என்று கேட்டான். "அதெல்லாம் கேட்கக்கூடாது, சாமி கண்ணைக் குத்தும்" என்றேன். பட்டணத்தில் அவனை அழைத்துச் சென்றவர்கள் அவன் கேள்விகளைக் கேட்டு, மணிக்கணக்காக அமர்ந்து விடை சொன்னார்கள். அவனை அவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தேன். நான் கதவைச் சாத்தியபின்தான் அவன் வேறு வாசலுக்குப் போனான்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நமக்கு வழிகாட்டி. பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணைநின்று, அந்நூலை ஐயந்திரிபறக் கற்றவர் அவர். அதன்பின் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதி அச்சிட்டார். மாற்றாரின் கண்டனங்களுக்கு நூல் எழுதி மறுப்புரைத்தார். கற்றல், கற்பித்தல், அச்சிடல் ஆகிய மூன்றையுமே அவர் தம் காவலாகக் கொண்டார்.

ஆகவே அன்பர்களே, நாம் செய்ய வேண்டியவை சில. பிறர் சமயத்தை இழித்துப் பேசாதீர். மலேசியாவில் 1983 முதல் பௌத்தரும் கிறித்துவரும் இந்துக்களும் சீக்கியரும் ஓர் ஆலோசனை மன்றத்தில் ஒன்றுகூடித் தம் பொதுவான உரிமைகளுக்குக் குரல் கொடுத்து வருகின்றனர். கொள்கை வேறுபாடு நட்புக்குத் தடையன்று. அதே வேளை, நோயுற்றோரின் படுக்கையருகிலோ வறுமையுற்றோர் வீட்டிலோ அச்சமூட்டியும் ஆசைகாட்டியும் எவரேனும் மதமாற்ற முயன்றால், பணிவோடும் உறுதியோடும் மறுத்திடுக. இவ்விரண்டுக்கும் மேலாக, உங்கள் பிள்ளை கேள்வி கேட்கும்போது வாயை அடைக்காதீர். தெரியாவிடில், "வா, சேர்ந்து தெரிந்துகொள்வோம்" என்று சமய வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

அந்தச் சிறுமிக்கு என் விடை இது. அம்மா, உன் தோழி தான் நம்புவதைச் சொல்கிறாள். உன்மேல் அன்பிருப்பதால்கூடச் சொல்லலாம். அவளிடம் சினம் கொள்ளாதே. நம் சமயம் கூறுவது வேறு. உயிர்கள் என்றும் உள்ளவை. எந்த உயிரையும் இறைவன் என்றென்றைக்குமாகக் கைவிடுவதில்லை. வினை தீருமட்டும் பிறவி தந்து, பக்குவம் வந்ததும் தன் திருவடியில் சேர்ப்பான். ஆதலால் உன் பாட்டி மீளா நரகத்தில் இல்லை. உன் தோழியையும் அவன் கைவிட மாட்டான்.

என் தம்பி இன்றும் கிறித்துவனே. நானும் இன்றும் சைவனே. ஆண்டுதோறும் எங்கள் தாயாரின் திதியன்று அவன் தவறாமல் வருகிறான். படையல் முடியும்வரை முற்றத்தில் அமர்ந்திருப்பான். படைத்த உணவை அவன் உண்ண மாட்டான் என்பதால், என் துணைவியார் படைக்கும் முன்னரே அவனுக்குரியதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். பிறகு அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். எங்கள் தாயார் விரும்பியது இதுவாகவே இருந்திருக்கும்.

அம்பாளின் திருவருள் எல்லா உயிர்க்கும் பெருகுவதாக.